அந்த வடிகட்டிப் பெட்டியைக் கழற்றும் முன்: நெட்வொர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நெட்வொர்க் குழுவில் இருக்கும் எல்லோருக்கும், குறிப்பாகச் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு,

வணக்கம். வந்துபோகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, விதிப்படி விடுவதா தடுப்பதா என்று மென்பொருளால் பார்க்கும் நம் லினக்ஸ் சர்வர்தான் அந்த வடிகட்டிப் பெட்டி. "மென்பொருள் வடிகட்டி 10 கிகாபிட்டுக்குத் தாங்காது" என்று நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரியை வைத்தே பெட்டியைக் கழற்றிவிட்டு ரெடிமேடாக ஒரு ஃபயர்வால் வாங்க முடிவாகியிருக்கிறது. வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நீங்கள் சோதித்தது வடிகட்டியை இல்லை. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் கேபிள் சொருகி, ஒரு செட்டிங்கைக்கூடத் தொடாமல் ஓடவிட்ட ஒரு சர்வரைச் சோதித்திருக்கிறீர்கள்.

முதலில் கணக்கு. உங்கள் அறிக்கையில் எங்கேயும் பாக்கெட்டின் அளவு இல்லை. அது இல்லாமல் 10 கிகாபிட் என்று சொல்வது, எத்தனை மூட்டை என்று சொல்லாமல் எத்தனை டன் என்று மட்டும் சொல்லிச் சுமை தூக்க ஆள் கேட்பது மாதிரி. 1,518 பைட் ஃபிரேமாக (கம்பியில் பாக்கெட் போகும் உறை) வந்தால் 10 கிகாபிட் கம்பியில் வினாடிக்குச் சுமார் 8 லட்சத்து 12 ஆயிரம் பாக்கெட்தான். அதே கம்பியில் 64 பைட் ஃபிரேமாக வந்தால் 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம். அதாவது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ வினாடி, 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கோருக்கு (பிராசஸரின் ஒரு கணக்கிடும் அலகு) அது ஏறக்குறைய 200 சுழற்சி. கேஷில் (பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகத்தில்) இல்லாத ஒன்றைத் தேடி மெயின் மெமரி வரை ஒரு தடவை போய்வந்தாலே அந்த நேரம் அநேகமாகத் தீர்ந்துவிடும். வடிகட்டிக்கு வலிப்பது பைட் கணக்கில் இல்லை, பாக்கெட் கணக்கில்தான். விதியைப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் சின்ன பாக்கெட்டுக்கும் பெரிய பாக்கெட்டுக்கும் ஒரே வேலைதானே.

இது மென்பொருளால் முடியாத காரியமும் இல்லை. பீசா பல்கலைக்கழகத்தில் லூயிஜி ரிட்ஸோ உருவாக்கிய, பாக்கெட்டை வேகமாக அனுப்பவும் வாங்கவும் உதவும் நெட்மேப் என்ற மென்பொருள், 900 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஒரே ஒரு கோரை வைத்துக்கொண்டு இந்த 1 கோடியே 48 லட்சத்தை எட்டியது 2012-இலேயே வெளியான விஷயம். அதில் வடிகட்டல் வேலை இல்லை, வெறுமனே அனுப்புவதும் வாங்குவதும்தான் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட்டை எடுப்பதே முடியாது என்ற வாதம் அன்றைக்கே முடிந்துபோனது.

சரி, நம் பெட்டிக்கு வருகிறேன். அறிக்கை வந்த மறுநாள் ராத்திரி உங்கள் டிராஃபிக் ஜெனரேட்டரை அதே செட்டிங்கில் ஓடவிட்டு, இந்தப் பக்கம் கோர்களின் நிலவரத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 16 கோர். பூஜ்யமாவது கோர் 100 சதவீதத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது, மற்ற 15-ம் தூங்கி வழிந்தன. காரணம் ரொம்பச் சாதாரணம்: ஜெனரேட்டர் அனுப்பியது ஒரே முகவரியிலிருந்து ஒரே முகவரிக்கு, ஒரே போர்ட்டில். கார்டு பாக்கெட்டின் முகவரியையும் போர்ட்டையும் ஹாஷ் செய்துதான், அதாவது ஒரு எண்ணாகச் சுருக்கித்தான், எந்த க்யூவில் (வரிசையில்) போடுவது என்று முடிவெடுக்கும். முகவரி மாறாவிட்டால் ஹாஷும் மாறாது, எல்லாம் ஒரே க்யூ, ஒரே கோர். நிஜ டிராஃபிக்கில் இப்படி நடக்காது. ஜெனரேட்டரில் சில ஆயிரம் முகவரிகளைக் கலந்துவிட்டதும் 16 கோரும் எழுந்துகொண்டன.

அப்போதும் முழு வேகம் வரவில்லை, மறைக்க மாட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் கார்டு சொருகியிருந்த ஸ்லாட் வெளியே பார்க்க எட்டு லேன் (தரவுப் பாதை) நீளம், உள்ளே ஓடுவது நான்குதான், அதுவும் கார்டைச் சர்வரோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் இரண்டாம் தலைமுறை. ஒரு திசைக்கு 16 கிகாபிட்டைத் தாண்டாது. இரண்டு போர்ட்டும் நிறைந்து வந்தால் 20 வேண்டும். இதில் எந்த விதியை எப்படி எழுதி என்ன பயன்? போதாக்குறைக்கு அந்த ஸ்லாட் இரண்டாவது பிராசஸரோடு இணைந்தது, வடிகட்டும் வேலையோ முதல் பிராசஸரின் கோர்களில் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு பிராசஸரிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் தாண்டிப் போய் வந்தது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றி, க்யூக்களின் இன்டரப்டை (பாக்கெட் வந்தது என்று கோருக்குச் சொல்லும் சைகையை) அதே பக்கத்துக் கோர்களில் ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டிப்போட்டேன், அவற்றைத் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றும் சேவையையும் நிறுத்தினேன். மாற்றம் அந்த இடத்திலேயே தெரிந்தது.

அப்புறம் அந்த மர்மமான விட்டுவிட்டு வரும் இழப்பு. அறிக்கையில் "குறைந்த சுமையிலும் பாக்கெட் இழப்பு, நம்பகமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. கார்டின் ரிங்கில், அதாவது வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் வட்ட வரிசையில், 512 இடம் இருந்தது. சின்ன பாக்கெட்டுகள் முழு வேகத்தில் பாய்ந்தால் 512 இடமும் நிறைய 34 மைக்ரோ வினாடி போதும். மின்சாரம் மிச்சப்படுத்துகிறேன் என்று கோர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருந்தால், எழுந்து கண்ணைக் கசக்கவே பல பத்து மைக்ரோ வினாடி ஆகும், அதற்குள் ரிங் நிரம்பி வழிந்துவிடும். சுமை குறைவாக இருக்கும்போதுதான் கோர் தூங்கும், அதனால்தான் சுமை குறைவான நேரத்தில் திடீரென்று ஒரு கொத்து வந்தால் இழப்பு! ஆழ்ந்த தூக்க நிலைகளை அணைத்து, பவர் அமைப்பைச் செயல்திறன் பக்கம் திருப்பியதும் அது நின்றது. ரிங்கை 4,096 ஆக்கினால் போயிற்று என்று யாராவது சொல்வார்கள். நான் 2,048-இல் நிறுத்தினேன். பெரிய ரிங் என்றால் பாக்கெட் கேஷில் தங்காமல் மெமரிக்குத் தள்ளப்படும், வரிசையில் காத்திருக்கும் நேரமும் கூடும்.

விதிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது, அந்தத் தப்பு என்னுடையது. தடை செய்ய வேண்டிய நாலாயிரத்துச் சொச்சம் முகவரிகளை லினக்ஸின் பழைய வடிகட்டல் கருவியான ஐபிடேபிள்ஸில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக எழுதிவைத்திருந்தேன். நல்ல பாக்கெட் ஒவ்வொன்றும் நாலாயிரம் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். இப்போது அது அதற்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸில் ஒரே செட், ஹாஷில் ஒரே தேடல். தொடர்புகளைக் கண்காணிக்கும் அட்டவணை நிரம்பிவிட்டது, பாக்கெட்டைக் கைவிடுகிறேன் என்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) லாக்கில் வரிவரியாகக் கத்திக்கொண்டிருந்ததையும் யாரும் பார்க்கவில்லை, நானும்தான். வந்த வேகத்தில் போகவேண்டிய டிராஃபிக்கை அந்தக் கண்காணிப்பிலிருந்தே விலக்கிவிட்டேன். தொடர்பின் நிலையை நினைவில் வைக்கத் தேவைப்படாத இடத்தில் அதற்கு எதற்குச் செலவு?

வெளிப்படையான குப்பையை மட்டும் அதற்கும் முன்னாலேயே, டிரைவர் மட்டத்தில் நம் நிரலை ஓடவிடும் எக்ஸ்டிபியில் வைத்துக் கொட்டுகிறேன். லினக்ஸில் 2016 முதல் இருக்கும் வசதி. இதில் ஒரு பொறி உண்டு: டிரைவருக்கு ஆதரவு இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் பொதுவான முறைக்கு மாறிக்கொள்ளும், அந்த முறையில் பாக்கெட்டுக்கான மெமரி ஒதுக்கீடெல்லாம் முடிந்த பிறகுதான் நம் முறை வரும், வேகம் எங்கே வரும்? இன்னொன்று, கார்டு விலேன் முத்திரையை (பாக்கெட் எந்த உள்பிரிவு நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்ற அடையாளத்தை) தானே உரித்துவிட்டால் நம் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. அரை நாள் அதில் போனது. வந்த பாக்கெட்டுகளைப் பெரிதாக ஒன்றுசேர்க்கும் எல்ஆர்ஓவை அணைக்காமல் இரண்டு இடைமுகங்களுக்கு நடுவே பாக்கெட் கடத்தினால் வரும் கூத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கெர்னலைத் தவிர்த்துவிட்டு கார்டை நேரடியாகக் கையாளும் டிபிடிகே ஏன் போடவில்லை என்று கேட்டீர்கள். கோரை முழுசாக அதற்கே தாரை வார்க்க வேண்டும், பாக்கெட் வராத நேரத்திலும் அது 100 சதவீதம் காட்டும். பெரும்பாலான கார்டுகளில் இடைமுகமே இயங்குதளத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடும், நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வழக்கமாக எடுக்கும் டிசிபிடம்ப் (பாக்கெட் பதிவு) அங்கே வேலை செய்யாது. நமக்கு வேண்டிய வேகத்துக்கு அந்த விலை அதிகம் என்பது என் கணிப்பு. 100 கிகாபிட் என்றால் வேறு பேச்சு.

இப்போது கேட்பது இதுதான். பெட்டியை ரேக்கில் விட்டுவையுங்கள், ஒரு இரவு கொடுங்கள். நெட்வொர்க் கருவிகளின் வேகத்தைச் சோதிக்கும் முறையை வகுத்த ஆர்எஃப்சி 2544 ஆவணம் சொல்கிறபடி 64 பைட்டில் தொடங்கி 1,518 வரை ஏழு அளவிலும், ஒவ்வொரு ஓட்டமும் குறைந்தது 60 வினாடி, இழப்பே இல்லாத உச்ச வேகம் என்ன என்று பாருங்கள். முகவரிகளைக் கலந்து அனுப்புங்கள், இரண்டு திசையிலும். 'சற்று நிறுத்து' என்று எதிர்முனைக்குச் சொல்லும் பாஸ் ஃபிரேம்களை இரு முனையிலும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி திணறும்போது ஜெனரேட்டரையே நிறுத்திவைத்து இழப்பே இல்லாத மாதிரி வேஷம் போடும், அது எனக்குச் சாதகம்தான், இருந்தாலும் வேண்டாம். கார்டின் சொந்த எண்ணிகளையும் கெர்னலின் எண்ணிகளையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள், எந்த இடத்தில் விழுந்தது என்று அப்போதுதான் தெரியும்.

வாங்கப்போகும் அந்த ஃபயர்வாலையும் இதே சோதனையில் பக்கத்தில் வையுங்கள். அதன் விளம்பரத்தில் இருக்கும் வேகம் எந்த அளவு பாக்கெட்டில் எடுத்தது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். 64 பைட்டில் என் பெட்டி தோற்றால் திருகுகளை நானே கழற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்லாட்டை முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய உங்கள் சக ஊழியன்