வெள்ளிக்கிழமையைத் தந்தார்கள், மண்ணைத் தரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரக்கறி விலைக்கு வீட்டுத்தோட்டம்தான் மருந்து என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் எழுதியவருக்குப் பின்வளவும் கிணறும் இருக்கிறது போலும். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடிகளில் இருக்கிற எங்களுக்கு வாய்த்தது ஒரு பல்கனி. அதிலும் பாதியில் உடுப்புக் கொடி, மீதியில் ஏசியின் வெளிப்பெட்டி.

இந்த அறிவுரை எங்களுக்குப் புதிதும் இல்லை. எழுபதுகளில் சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது மரவள்ளி நடுங்கள் என்றார்கள். மிளகாயும் வெங்காயமும் செய்த யாழ்ப்பாணத்தாருக்கு அது பொற்காலம், கொழும்பாருக்குப் பாண் வரிசை. அப்புறம் 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்து, வயலும் தோட்டமும் படுத்த பிறகு நவம்பரில் தடையை விலக்கி, அடுத்த வருடம் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோது, ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள், மூன்று மாதத்துக்கென்று, வீட்டில் பயிர் செய்வதற்காம். நான்காம் மாடியில் இருக்கிற கிளார்க் வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு எங்கே பயிர் செய்வார்? அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பல்கனியில் ஒன்றும் வராது என்று நான் சொல்லவில்லை. வருகிறது. பசளிக்கீரையைச் சந்தையில் வாங்கி, இலையைக் கறிக்கு எடுத்துவிட்டுத் தண்டை ஓர் அரிசிப் பையில் குத்தினால் போதும், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். வல்லாரையும் பொன்னாங்காணியும் அப்படித்தான், நிழலென்று கோபிக்காது. ரம்பை, கறிவேப்பிலை, கொச்சிக்காய் இவையும் சரி. பாரமான மண்ணுக்குப் பதிலாகத் தும்புச்சோறும் (தேங்காய் மட்டைத் தூள்) கூட்டெருவும் கலந்து போடலாம், தும்புச்சோற்றை மட்டும் முதலில் நன்றாக ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்க வேண்டும். மரைன் டிரைவ் பக்கம் பார்த்த பல்கனி என்றால் கடல் காற்று இலை நுனியைக் கருக்கிவிடும், அதற்கு ஒரு பச்சை வலை கட்டினால் ஓரளவு தாங்கும்.

தக்காளிதான் வம்பு. காய் பிடிக்கிற நேரம் பார்த்து, பச்சையாக இருக்கும்போதே, செடி ஒரு மத்தியானத்தில் தலையைத் தொங்கப்போடும். தண்ணீர் காணாது என்று இன்னும் ஊற்றுவார்கள். ஊற்றாதீர்கள். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். நம்முடைய ஈரவலயத் தாழ்நிலத்தில் தக்காளிக்கு இதுதான் பெரிய எதிரி. மருந்தடித்து மாற்ற முடியாது. செடியைப் பிடுங்கி எறிய வேண்டும், அந்தப் பை மண்ணில் மறுபடி தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்கக் கூடாது. நிலம் இருக்கிறவர் நாலடி தள்ளி வேறு பாத்தி போடுவார். பல்கனிக்காரர் எங்கே தள்ளுவது?

மொட்டைமாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நாங்கள் இருக்கிற கட்டடத்தில் நிர்வாகம் பூட்டுப் போட்டுவிட்டது, பைகளின் ஈரம் கொங்கிறீற்றில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரை ஒழுகுமாம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக, தட்டு வைத்து ஒழுங்காகச் செய்கிறோம் என்று சொன்னவர்களையும் கேட்காமல் ஒரே நாளில் பூட்டியதில் எனக்குக் கோபம்தான்.

சரி, இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். பிரித்தானியாவில் அலொட்மென்ட் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இலண்டனில் உறவினர் உள்ளவர்கள் வட்ஸ்அப்பில் பூசணிக்காய்ப் படம் வந்து வந்தே இதை அறிந்திருப்பார்கள். நகரத்தில் வளவு இல்லாதவருக்கு உள்ளூராட்சி சபை ஒரு துண்டு நிலத்தை வருட வாடகைக்குக் கொடுக்கும். 1908ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்த இடத்து வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் சபை அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்று அதில் இருக்கிறது. 1922இல் வந்த சட்டமோ அந்த நிலத்தில் முக்கியமாகத் தனக்கும் குடும்பத்துக்கும் சாப்பிட மரக்கறியும் பழமும் செய்ய வேண்டும் என்று வரையறுக்கிறது. வழக்கமான ஒரு துண்டின் அளவு என்ன தெரியுமா? பத்து ரொட் என்கிற பழைய அளவு, அதாவது நம்முடைய காணி விளம்பரத்தில் வருகிற அதே 10 பேர்ச்சஸ், ஏறக்குறைய 250 சதுர மீற்றர். பேர்ச்சஸ் கணக்கை எங்களிடம் விட்டுவிட்டுப் போன வெள்ளைக்காரன் இதையும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அங்கே மே மாதம் வரை பனி கொட்டும் என்று பயந்து வெண்டிக்கன்றை வீட்டு ஜன்னலோரம் வைத்துப் பிள்ளை மாதிரி பார்க்கிறார்கள். இங்கே பன்னிரண்டு மாதமும் வெயில், இரண்டு பருவ மழை. 10 பேர்ச்சஸ் கேட்கவில்லை, கொழும்புக் காணி விலை தெரிந்தவள்தான். ஒரு குடும்பத்துக்கு அரைப் பேர்ச் கொடுத்தால் போதும், அது 136 சதுர அடி. அதில் ஒரு பந்தல் பயற்றங்காய், ஒரு பாத்தி வெண்டி, நாலு கத்தரி, வேலியில் பாகல் வந்துவிடும். பாகல் பிஞ்சுக்குக் கடதாசிப் பை கட்டிவிட்டால் பழ ஈயும் குத்தாது.

மாநகர சபைக்கும் அரச நிறுவனங்களுக்கும் சொந்தமான வெற்றுக்காணிகள் நகரத்துக்குள் தகரம் அடித்துக் கிடப்பதை பஸ்ஸில் போகிற எவரும் பார்க்கலாம். டெங்கு வரும் என்று சொல்லாதீர்கள். இப்போது அங்கே கிடக்கிற யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும்தான் நுளம்பு முட்டையிடுகிறது. தினமும் ஆள் நிற்கிற தோட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீஎச்ஐ) வந்து கேட்பதற்கும் ஒருவர் இருப்பார். கொடுத்தால் வீடு கட்டிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் ஒரு வருட அனுமதி மட்டும் கொடுங்கள், கொட்டில் போடத் தடை, மரம் நடத் தடை, மூன்று மாதம் பற்றையாக விட்டால் அடுத்தவருக்கு. கால்வாய்க்கரை மட்டும் வேண்டாம், அந்தத் தண்ணீரில் வளர்ந்த கங்குன் கீரையை யார் சாப்பிடுவது?

இன்னொன்று. 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் மண்ணோடு போனார்கள். அதன் பிறகு உக்கும் குப்பையைப் பிரித்து வை என்றார்கள், நாங்களும் பிரிக்கிறோம். பிரித்த மரக்கறித் தோலை மறுபடி லொறியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே கொண்டுபோவதை விட, இந்தத் துண்டுகளின் மூலையில் ஒரு கூட்டெருக் குழி இருந்தால் அங்கேயே பசளையாகிவிடும்.

ஆகவே மாநகர சபை உறுப்பினர்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் வட்டாரத்தில் சும்மா கிடக்கும் பொதுக்காணிகளின் பட்டியலை வெளியிடுங்கள், அதில் ஒன்றே ஒன்றை வேலியும் தண்ணீர்க் குழாயும் போட்டு இந்த வருடம் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். விதைக்கும் ஆலோசனைக்கும் விவசாயத் திணைக்களம் இருக்கிறது, 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் பதில் சொல்வார்கள்.

ஆசிரியரே, இடம் போதாது என்று கடிதத்தைச் சுருக்குவதானால் பல்கனிப் பகுதியை வெட்டுங்கள், மாநகர சபைக்கு எழுதியதை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருவர்