கித்தா பாலும் ஒரு வெங்காயமும்

சுங்கை சிப்புட்

அடியே ஒட்டுப்பால்,

தீபாவளிக்கு நீ கூப்பிட்டபோது எடுக்கவில்லை, அப்புறம் நானும் கூப்பிடவில்லை. கோபமாய்த்தான் இருப்பாய், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி. சின்னக் கிராணி மகன் ஒருவழியாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டான், பெண் யாரென்று நீயே யோசி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிவம் நான்கில் எனக்கு ஒரு மாணவி வந்திருக்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லை. அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வந்தவள். முதல் மூன்று மாதம் லாப் வேலை என்றாலே அவளை ஓரத்து ஸ்டூலில் உட்காரவைத்து, பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அமிலம், கண்ணாடி, நெருப்பு, ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், நான் கெமிஸ்ட்ரி படிக்கிறேனா, இல்லை அவள் படிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேனா?" அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹோபி வெட்லர் என்று ஒருவர், அவரும் பிறவியிலேயே பார்வையற்றவர், 2016இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார், பார்வையற்ற பிள்ளைகளுக்கு வேதியியல் முகாமும் நடத்தியிருக்கிறார். அப்படியென்றால் இவளை ஓரத்தில் உட்காரவைக்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது, சொல்லு?

சிரிஞ்சின் தண்டில் 5 மில்லி, 10 மில்லி வரும் இடத்தில் கத்தியால் சின்னதாய் வெட்டிவிட்டேன், நகத்தில் வெட்டு தட்டியதும் இழுப்பதை நிறுத்திவிடுவாள். பன்சன் அடுப்புக்குப் பதில் ஹாட் பிளேட். வேலை எல்லாம் கேக் தட்டுக்குள்ளே, சிந்தினால் தட்டோடு போகும். காரத்தைத் தீர்க்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்று அளக்கிற டைட்ரேஷனுக்குத்தான் தவித்துப்போனேன், ரோஸ் நிறம் மறைவதை அவளுக்கு எப்படிக் காட்டுவது? கைகொடுத்தது வெங்காயமடி! சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலில் நறுக்கிப் போட்டால் வாசம் அடங்கிவிடுகிறது, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாய் விட, காரம் தீர்கிற இடத்தில் வாசம் திரும்புகிறது. கிட்டே குனியவிடவில்லை, கையால் விசிறித்தான் முகர்ந்தாள். "வந்துடுச்சு டீச்சர்!" என்று கத்தினாள் பார், பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

போன வாரம் கித்தா பால், அதான் நம் ரப்பர் பால். படிவம் ஐந்துப் பாடம்தான், எனக்குப் பொறுக்கவில்லை. மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் கொஞ்சம் பால், அதில் பார்மிக் அமிலம் சில சொட்டு, கண்ணாடிக் குச்சியை அவள் கையில் கொடுத்துக் கலக்கச் சொன்னேன். பால் துகள்களைச் சுற்றியுள்ள புரதத்தின் எதிர்மின்னூட்டத்தை அமிலம் தீர்த்துவிடும், அப்புறம் துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதானே. மற்ற பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், வெள்ளைப் பால் வெள்ளையாகவேதான் இருந்தது. இவள் மெதுவாய்ச் சுற்றிக்கொண்டிருந்தவள், "குச்சி கனக்குது டீச்சர்... இப்போ இழுக்குது" என்றாள். அப்புறம்தான் மற்றவர்களுக்குக் கட்டி தெரிந்தது. அவள் பாட்டி நம் அம்மாக்களைப் போலப் பால்வெட்டினவர். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது கவலை, படிவம் ஐந்து முடிவில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் செய்முறைத் தேர்வுதான். உதவிக்கு ஆள் வைத்தால் அந்த ஆள் அளவை மட்டும் வாசிக்க வேண்டும், முடிவை இவள்தான் சொல்ல வேண்டும். இதை யாரிடம் கேட்டாலும் "பார்க்கலாம்" என்கிறார்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நீ பினாங்கில்தானே இருக்கிறாய், அங்கே பார்வையற்றோருக்கான செயிண்ட் நிக்கலஸ் இல்லத்துக்கு ஒரு நடை போய்வா. பிரெயில் லேபிள் அடிக்கிற கருவி இரவலாகக் கிடைக்குமா என்று கேள், விலைக்கென்றாலும் சரி. லாப்பில் பெயர் ஒட்ட வேண்டிய பாட்டில் 32 காத்திருக்கிறது.

உன்,
மங்கு