எரிமலை வெடித்த நிலம்: மாணவர் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில் எரிமலைகள் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. எரிமலை வெடித்த இடத்தில் ஓர் உயிரும் மிஞ்சாது என்ற வரி மட்டும் உறுத்துகிறது. என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளை அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்ததால்தான் எழுதுகிறேன். குறை சொல்லவில்லை. 28 வருடம் புவியியல் படிப்பித்த நானும் கரும்பலகையில் அதையேதான் எழுதிப்போட்டேன். இலங்கையில் எரிமலை இல்லை, போய்ப் பார்த்துச் சரிபிழை சொல்ல வழியும் இருக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் மகள் என்னை அங்குள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 1980 மே 18, ஞாயிறு காலை 8.32க்கு வெடித்த மலை. நிலம் அதிர்ந்து வடக்குச் சரிவு அப்படியே பெயர்ந்து விழ, உள்ளே அடைபட்டிருந்த சூடான வாயுவும் கற்குழம்பும் பக்கவாட்டில் பீறிக்கொண்டு வந்திருக்கின்றன. 57 பேர் இறந்தார்கள். மலையின் உயரத்தில் ஏறக்குறைய 400 மீற்றர் போய்விட்டது.

அன்று சாய்ந்த மரங்கள் இன்னும் ஒரே திசைக்குத் தலைவைத்துக் கிடக்கின்றன. கீழே ஸ்பிரிட் ஏரியில் கட்டைகள் இன்றைக்கும் மிதக்கின்றன, காற்று தள்ளுகிற பக்கம் கூட்டமாக ஒதுங்குகின்றன.

முழங்கால் வலியோடு கொஞ்சத் தூரம் நடந்தேன். சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே ஊதாப் பூப் பூத்த ஒரு சிறு செடி. கைவிரல் விரித்த மாதிரி இலை, நடுவில் ஒரு துளி நீர். லூபின் என்றாள் மகள். நம் பயறு, கடலை இனம்தான். வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தன் உரத்தைத் தானே தேடிக்கொள்ளும். வெறுங்கல்லாகக் கிடந்த அந்த வெளியில் முதலில் முளைத்தது அதுதானாம்.

ஆனால் லூபின் வருமுன்பே அக்கம்பக்கத்தில் உயிர் இருந்திருக்கிறது, நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது அதைத்தான். வெடித்தபோது மேட்டுப்பக்கங்களில் பனி கரைந்திருக்கவில்லை. அதற்கடியில் கிடந்த மரக்கன்றுகள் தப்பின. கோபர் என்று ஒரு பிராணி, எலி போல, வளைக்குள் இருந்து பிழைத்தது. அது தோண்டித் தோண்டி அடிமண்ணை மேலே தள்ள, சாம்பலோடு கலந்த அந்த மண்ணில் விதைகள் பிடித்தன.

1982இல் சட்டம் போட்டு, மலையைச் சுற்றிப் பெரும் பரப்பை யாரும் நடாமல் துப்புரவாக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்கு வெளியே மரக் கம்பனிக்காரர் நட்ட மரங்கள் தேயிலைத் தோட்டம் போல வரிசையாக, ஒரே உயரத்தில் நிற்கின்றன. பச்சை என்னவோ அங்கேதான் கூட. எனக்குப் பிடித்தது மற்றதுதான்.

நுரைக்கல் ஒன்றைக் கைப்பைக்குள் போடப் பார்த்தேன். "அம்மம்மா, இங்கே ஒன்றும் எடுக்கக் கூடாது" என்று பேத்தி தடுத்துவிட்டாள். ஆகவே காட்டுவதற்கு என்னிடம் கல் இல்லை.

திருத்தம் ஒன்று போட்டீர்களானால் நல்லது. கொப்பியில் அந்த வரிக்குக் கீழே நாலு விரற்கடை இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06