ஆயிரம் அடிக்குக் கீழே என்ன கிடக்கிறது? கொங்கு வட்டார ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

கோடை பிறந்தால் கிராம சபையில் முதல் கோரிக்கை புது போர், அதாவது ஆழ்துளைக் கிணறுதான். தீர்மானத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஆறரை அங்குல போரில் ஓர் அடிக்கு நிற்கும் தண்ணீர் சுமார் 6.5 லிட்டர். 1,000 அடி போட்டு 900 அடிக்குத் தண்ணீர் நின்றாலும் 6,000 லிட்டர் தேறாது. 40 அடி விட்டமுள்ள பழைய வட்டக் கிணற்றிலோ ஓர் அடிக்கே 35,000 லிட்டர். அந்தக் கிணற்றில்தான் இன்று குப்பை கொட்டுகிறோம்.

நம் பக்கம் தரைக்கடியில் ஆறு எதுவும் ஓடவில்லை. மேலே மண், அடுத்து மக்கிய பாறை, அதற்கும் கீழே கருங்கல். மழையை வாங்கி வைப்பது மக்கிய பாறைதான். கருங்கல்லில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். ஒரு போர் 300 அடியில் பொங்க, பத்தடி தள்ளிப் போட்டது புழுதியைத் துப்புவது இதனால்தான். நீரோட்டம் பார்க்கிறவரின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

போர் போடும் ரிக் வண்டி காற்றை ஊதும்போது பீறிடுவதைப் பார்த்து மோட்டார் வாங்காதீர்கள். துளையில் ஏற்கெனவே தேங்கிய தண்ணீரும் அதில் சேர்ந்து வருகிறது. சில மணி நேரம் விடாமல் இறைத்துவிட்டு, 200 லிட்டர் டிரம் நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 4 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 50 லிட்டர். அதற்குத் தக்க மோட்டார் போதும். பெரிதாகப் போட்டால் தண்ணீரில்லாமல் ஓடி மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும்.

ஆழத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடையும் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். கொதிக்க வைத்தாலும் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீர் குழாயில் போனது இந்தத் தொல்லைக்காகத்தான்.

வறண்ட போரில் மழைநீர் இறக்குவது நல்ல யோசனை. ஆனால் கலங்கல் தண்ணீரை நேரே விட்டால் வண்டல் வெடிப்பை அடைத்துக்கொள்ளும், பிறகு போர் எதற்கும் உதவாது. கேசிங்கை, அதாவது போரின் மேற்பகுதியில் இறக்கிய குழாயைச் சுற்றி ஆறடி சதுரத்தில் எட்டடிக் குழி எடுங்கள். குழியின் அடிப்பகுதியில் மட்டும் கேசிங்கில் துளையிட்டு நைலான் வலை சுற்றுங்கள். அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் மேல்மணலைச் சுரண்டி மாற்ற வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. அதனால்தான் இரண்டாம் ஆண்டிலேயே குழி குட்டையாகி நிற்கிறது.

ஊர்ப் பொதுக் கிணற்றில் ஜனவரியிலும் மே மாதத்திலும், மோட்டாரை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் கயிறு விட்டு மட்டத்தை அளந்து அலுவலகச் சுவரில் எழுதுங்கள். புது போர் கேட்டு வருபவர் முதலில் அந்தச் சுவரைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர்ப் பணியில் இருப்போர்