ஜிம் சந்தாவை ஆண்டு மொத்தமாக வசூலிக்காதீர்கள்: நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், செயலர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். கிளப் ஹவுஸ் ஜிம்முக்கு மாதம் 300 ரூபாய் என்றிருந்தது போய், இனி ஆளுக்கு ஆண்டுச் சந்தா 9,000 ரூபாய், ஒரே தவணை, திருப்பித் தரப்படாது. கட்டணம் ஏறுவதில் எனக்கு வருத்தமில்லை. டிரெட்மில் பெல்ட் கிழிந்து மூன்று மாதம் பழைய போர்வைக்குள் கிடந்ததை நானும் பார்த்தவன்தான். ஏற்றுகிற விதம்தான் சரியில்லை.

ஆண்டுச் சந்தா தனியார் ஜிம்களின் கணக்கு. ஜனவரியில் பணத்தைக் கட்டிவிட்டு மாசி பிறப்பதற்குள் காணாமல் போகிறவர்களும் சேர்ந்துதான் அந்தக் கல்லாவை நிரப்புகிறார்கள். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் ஜிம்முக்குப் போயிருந்தார்கள். தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே இடத்தில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். வராதவர் பணம் முதலாளிக்கு லாபம், சரி. இங்கே முதலாளி யார்? பிளாட் வாங்கும்போதே கிளப் ஹவுஸுக்கென்று தனியாகப் பணம் கட்டிய நாம்தானே!

செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஒருவரும் உள்ளே கால் வைக்காவிட்டாலும் மெஷின்களுக்கு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தப் பணம்) கட்டியாக வேண்டும், பழசானால் மாற்றியாக வேண்டும். லிஃப்ட், ஜெனரேட்டர் போல அது பொதுச் சொத்துக்கான செலவு, மெயின்டனன்ஸில் சேரட்டும். (தரைத்தளத்துக்காரன் நான். ஏறாத லிஃப்டுக்குப் பதினோரு வருஷமாகக் கொடுத்து வருகிறேன்.) மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி வருமே என்று பொருளாளர் யோசிக்கலாம். நாம் கட்டுவது 3,200தான். கோச் சம்பளமும் ஏசி கரன்ட்டும் மட்டும் வருகிறவர்கள் தலையில் விழட்டும், மாதாமாதம். எப்போதாவது வருகிறவர்களுக்குப் பத்து டோக்கன் கொண்ட சீட்டு போதும்.

இதை எழுத வைத்தவர் பி பிளாக் அக்கா ஒருவர். சர்க்கரை என்று தெரிந்த பிறகு இரண்டு மாதமாக மத்தியானம் விடாமல் சைக்கிள் மிதித்து வந்தார். சுற்றறிக்கை வந்த மறுநாள் கேட்டேன். “மூணு பேருக்கு 27,000 ஆகுதுண்ணா. பையன் மட்டும் போகட்டும்” என்றார். வீட்டுச் செலவைக் குறைக்க நேர்ந்தால் முதலில் யார் பெயர் நீக்கப்படும் என்பது நமக்குத் தெரியாததா? 2022 நிலவரப்படி போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 57%, ஆண்கள் 42%. நம் ஜிம்மில் காலை ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தால் ஆண்-பெண் வித்தியாசம் இதைவிட மோசமாக இருக்கும்.

இன்னொன்று. சுற்றறிக்கையின் அடியில் “ஜிஎஸ்டி 18% தனி” என்றிருக்கிறது. ஜிம்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஆகிவிட்டது. நமக்கு வரி உண்டா, இல்லையா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அந்த வாசகத்தைத் திருத்துங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு வையுங்கள். ஏஎம்சி பில், கோச் சம்பளம், ஜிம்மின் தனி மீட்டர் ரீடிங் மூன்றையும் அன்றைக்குக் கொண்டு வாருங்கள். அதுவரை பழைய 300 ரூபாயே தொடரட்டும்.

இப்படிக்கு,
ஏ பிளாக் தரைத்தளவாசி