ரீபில்ட் செய்த இன்ஜினுக்குள் இருப்பது என்ன? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “இது ஏற்கெனவே ரீபில்ட் ஆன இன்ஜின், 350, 30 தௌ ஓவர்சைஸ், கேஸ்கெட் மட்டும் மாற்றித் தாருங்கள்” என்று சொல்லி வண்டியை எங்களிடம் விட்டுச் செல்வோர் பலர். 350 என்பது எல்லா சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 30 தௌ ஓவர்சைஸ் என்றால் சிலிண்டரின் விட்டத்தை அந்த அளவுக்குப் பெரிதாகக் கடைந்திருப்பது. இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. வண்டியை விற்றவர் சொன்னதை நம்பிச் சொல்கிறார்கள். விற்றவரும் தமக்கு முன்பு வைத்திருந்தவரின் வார்த்தையை நம்பியிருப்பார். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, பலமுறை பிரித்துப் பூட்டப்பட்ட ஒரு செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் இன்ஜினுக்குள் எந்தெந்தப் பாகங்கள் இருக்கின்றன என்பதை, திறந்து அளக்காமல் எங்களால் எழுதித் தர இயலாது. வேலை தொடங்குமுன் அதற்கென ஒரு நாளும் தனிக் கட்டணமும் ஏன் கேட்கிறோம் என்று பலரும் கேட்டிருப்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பிளாக்கின் பின்புறம், ஓட்டுநர் பக்கத்தில் உள்ள வார்ப்பு எண்ணைத்தான். 1969 முதல் பல ஆண்டுகள் வார்க்கப்பட்ட 3970010 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். ஆனால் 302, 327, 350 ஆகிய மூன்று கன அங்குல அளவுகளுக்கும் இதே பிளாக் பயன்பட்டிருக்கிறது. மூன்றுக்கும் சிலிண்டரின் விட்டம் 4 அங்குலமே. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. வார்ப்பு நாளும் முழுத் தகவலைத் தராது. மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம் என்பதுதான் அங்குள்ள முறை. ஆகவே 9 என்று முடிந்தால் அது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம்.

இவற்றைவிடப் பயனுள்ளது, பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் சமதளத்தில் அடித்திருக்கும் முத்திரை. அதில் ‘வி’ என்ற முதல் எழுத்து மிச்சிகனின் ஃபிளின்ட் ஆலையைக் குறிக்கும். அடுத்த நான்கு இலக்கங்கள் இன்ஜின் பூட்டப்பட்ட மாதமும் நாளும். இறுதி எழுத்துகள் எந்த வண்டிக்கு எந்த வகை இன்ஜின் என்பதைச் சொல்லும். 1969 கமாரோ இசட்-28 வண்டியின் 302 இன்ஜினுக்கு ‘டி இசட்’ என்று இருக்கும். பிளாக்கின் மேல்தளத்தை மட்டம் செய்யக் கடைந்தால் இந்த முத்திரை அழிந்துவிடும். ஆகவே கடைசல் வேலைக்கு முன்பு அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறோம். தளத்தைக் கடைந்தே ஆகவேண்டிய நிலை வந்தால், உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் கிடைத்த பிறகுதான் கை வைப்போம். அழிந்த முத்திரையைத் திரும்ப அடித்துத் தருமாறு எவ்வளவு வற்புறுத்தினாலும் செய்யமாட்டோம். அடுத்து அந்த வண்டியை வாங்கப்போகிறவரை ஏமாற்றும் செயல் அது.

முத்திரை சரியாகவே இருந்தாலும், ஆலையிலிருந்து அந்த பிளாக் எப்படி வெளியேறியது என்பதை மட்டுமே அது சொல்லும். இன்று உள்ளே சுழல்வது எது என்பதற்கு, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்தான் சான்று. அண்மையில் வந்த ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். வேகம் கூடும்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்வு இருந்தது. இன்ஜின் மவுண்ட்டுகளையும் ஃபிளைவீல் பக்கத்துக் கிளட்ச்சையும் வேறோரிடத்தில் மாற்றியும் பயனில்லை. ஹெட்டைக் கழற்றினோம், பிஸ்டன் தலைகளில் 030 என்று தெளிவாகத் தெரிந்தது. ஆக, 30 தௌ ஓவர்சைஸ் என்ற பேச்சு உண்மை. பிறகு பிஸ்டனை மேலுச்சியிலிருந்து கீழே இறக்கி, அது நகரும் தூரமான ஸ்ட்ரோக்கை அளந்தோம். 350 ஆக இருந்தால் 3.48 அங்குலம் வரவேண்டும், வந்ததோ 3.75. இரண்டாவது சிலிண்டரிலும் அதே அளவுதான்.

அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை (ஆயில் பான்) இறக்கியதும் கிராங்கில் 3951527 என்ற வார்ப்பு எண் இருந்தது. அது 400 கன அங்குல இன்ஜினின் கிராங்க். பேரிங்குகளில் சுழலும் அதன் உருளைப் பகுதிகளான மெயின் ஜர்னல்கள் ஆலையில் 2.65 அங்குலம், 350 பிளாக்கில் உட்காரும்படி 2.45 ஆக அரைத்திருந்தார்கள். 4.030 விட்டமும் 3.75 ஸ்ட்ரோக்கும் சேர்ந்தால் எட்டு சிலிண்டருக்கும் 383 கன அங்குலம். நல்ல இணைப்பு அது; செய்தவர் கைதேர்ந்தவர் என்பதும் அரைப்பின் நேர்த்தியில் தெரிந்தது. ஆனால் 400 கிராங்கின் எடைச் சமன் முழுவதும் கிராங்கிலேயே இல்லை. ஒரு பகுதி முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரமான பேலன்சரிலும், இன்னொரு பகுதி பின்னால் இருக்கும் ஃபிளைவீலிலும் இருக்கிறது. 400 பேலன்சரின் வெளிவளையத்தில் ஒரு பக்கம் பிறைபோல் வெட்டியிருக்கும். அந்த வண்டியில் இருந்ததோ சுற்றிலும் ஒரே சீரான 350 பேலன்சர். இடையில் யாரோ, “350 தானே” என்று நம்பி, கழன்றதற்குப் பதிலாக அதைப் போட்டிருக்கிறார்கள். 400 பேலன்சரையும் அதற்குரிய ஃபிளைவீலையும் போட்டதும் அதிர்வு நின்றது. அதற்குள் மெயின் பேரிங்குகள் தேய்ந்துவிட்டிருந்ததால் அவற்றையும் மாற்றவேண்டியதாயிற்று.

பேரிங்கைப் பற்றி ஒரு சொல். பேரிங் ஓட்டின் முதுகில் 010 அல்லது 020 என்று குறி இருந்தால், ஜர்னல் அந்த அளவுக்கு அரைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். குறியையும் மைக்ரோமீட்டரையும் சேர்த்தே பார்க்கிறோம். இரண்டும் பொருந்தாத இன்ஜின்களும் வந்திருக்கின்றன, சூடேறியதும் ஆயில் பிரஷர் சரிவதற்கு அதுவே காரணமாக இருந்தது. கிராங்கைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் கேப்புகளில் நான்கு போல்ட்டா இரண்டு போல்ட்டா என்பதும் ஆயில் பானை இறக்கினால் மட்டுமே தெரியும். நான்கு போல்ட் பிளாக்கிலும் நடுவிலுள்ள மூன்று கேப்புகளில்தான் அவை இருக்கும். கிராங்க் வார்ப்பா, ஃபோர்ஜிங்கா என்று கேட்பவர்களுக்கு: கன்னங்களில் ஓடும் தையல்கோடு மெல்லியதாக இருந்தால் வார்ப்பு, அரை அங்குலம், அதற்கும் மேல் பட்டையாக இருந்தால் ஃபோர்ஜிங். தொங்கவிட்டுத் தட்டினால் ஃபோர்ஜிங் மணிபோல் நீண்டு ஒலிக்கும்.

வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டைக் காதால் அடையாளம் காணமுடியும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்களுக்கு இல்லை. டயல் கேஜ் வைத்து, கேமின் மேடான லோபின் உயர்வை அளந்து, வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கரின் 1.5 என்ற விகிதத்தால் பெருக்கி, வால்வு எவ்வளவு எழுகிறது என்பதைக் கணக்கிடுகிறோம். கேமின் மேல் அமர்ந்து அசைவைக் கடத்தும் லிஃப்டர்கள் ஹைட்ராலிக்கா (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்வது), சாலிடா என்பதையும் கட்டாயம் பார்க்கவேண்டும். சாலிட் லிஃப்டருக்கு வால்வு இடைவெளி விடவேண்டும். 302 இன்ஜினின் பழைய கேமுக்கு இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 30 தௌ. அதை ஹைட்ராலிக் என்று எண்ணி இறுக்கினால் வால்வுகள் மூடாமல் எரிந்துபோகும்.

அளந்தவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் எடுத்த படத்தையும் இணைத்து உங்களிடம் தருவோம். கழற்றிய பழைய பேரிங்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி பெயரெழுதிய உறைகளில் திருப்பித் தருகிறோம். தூக்கி எறியவேண்டாம், அடுத்தமுறை திறப்பவருக்கு அவை உதவும். இந்தத் தாள் உங்கள் கைக்கு வரும்வரை பிஸ்டன், ரிங், பேலன்சர் எதையும் முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். வண்டியுடன் பழைய ரசீதுகள் வந்திருந்தால், எண்ணெய்க் கறை படிந்து படிக்க முடியாதவையாக இருந்தாலும், கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இன்ஜின் பட்டறையினர்