தளத்தில் ஏற்றும் படங்களுக்கு எந்த மென்பொருள்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் இணையதளம் அமைத்துக்கொண்ட பின், பொருள்களின் பக்கங்களையும் அறிவிப்புகளையும் சொந்த ஊழியர்களைக் கொண்டே புதுப்பித்து வருபவர்கள் உங்களில் பலர். படங்களைச் சரிசெய்து ஏற்றுவதற்கு எந்த மென்பொருளை வாங்கலாம் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் தொலைபேசியில் பாதியும் வாட்ஸ்ஆப்பில் மீதியுமாகப் பதில் சொல்லி வந்தோம். ஒரே இடத்தில் எழுதி வைத்தால், புதிதாக வேலைக்குச் சேரும் ஊழியரிடமும் எடுத்துக் கொடுக்கலாம் என்பதால் இம்மடல்.

பெரும்பாலோர் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜவுளிக்கடையோ இனிப்பகமோ பள்ளியோ, தளத்துக்கென்று அன்றாடம் நடக்கும் படவேலை, வேண்டாத ஓரங்களை வெட்டுவது, அளவைக் குறைப்பது, மங்கலாக இருந்தால் சற்று வெளிச்சம் கூட்டுவது, உரிய வடிவில் சேமிப்பது என்ற அளவோடு நின்றுவிடுகிறது. 1990-ல் வெளிவந்த ஃபோட்டோஷாப் இன்றும் தலைசிறந்த கருவிதான். அச்சகத்திலும் விளம்பர நிறுவனத்திலும் நாள் முழுவதும் அதிலேயே உழைப்பவருக்கு அதற்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஆனால் 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மாறிவிட்ட நிலையில், நாளைக்கு நாலைந்து சேலைப் படங்களை ஏற்றும் ஒருவருக்காக மாதாமாதம் அந்தச் சந்தாவைக் கட்டுவது தேவையற்ற செலவு என்பதே எங்கள் கருத்து. சந்தா கட்டாமல் பூட்டு உடைத்த பதிப்பைப் போட்டுக்கொள்வதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, பில் போடும் கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் இணையதளத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லும் பெரும்பாலான கடைகளில் அதே கணினியில்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட பதிப்புகளோடு வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது சர்வசாதாரணம்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஒரு மென்பொருளில் எத்தனை தூரிகை, எத்தனை விசேஷ விளைவு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு, படத்தைச் சேமிக்கும்போது திறக்கும் சாளரத்தைப் பாருங்கள். இணைய வேலைக்கு மென்பொருளின் தரம் அங்கேதான் தெரியும். பிக்சல் அளவைச் சொல்லிச் சிறிதாக்க முடிகிறதா, தரத்தைக் கூட்டிக் குறைக்கும்போது கோப்பு எத்தனை கேபி ஆகும் என்பதைச் சேமிக்கும் முன்பே காட்டுகிறதா, இணையத்துக்கென்றே உருவான வெப்பி (WebP) வடிவில் சேமிக்கிறதா, எடுத்த இடம் போன்று படத்தோடு ஒட்டியிருக்கும் மறைத்தகவலை நீக்குகிறதா என்ற கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வந்தால், மற்றவை எப்படியிருந்தாலும் அந்த மென்பொருள் உங்களுக்குப் போதும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. கைபேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 பிக்சல்; அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பார்ப்பவரின் கைபேசியில் பிரவுசர் அதை விரித்துக் காட்டும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 4 கோடியே 80 லட்சம் பைட் நினைவகத்தைப் பிடிக்கிறது. அந்தப் படம் உங்கள் பொருள் பக்கத்தில் தெரிவதோ 600 பிக்சல் அகலத்தில்தான். இன்றைய கைபேசித் திரைகளின் கூர்மைக்காக அதை இரட்டிப்பாக்கி 1200-க்கு 900 என்று வைத்துக்கொண்டாலும், விரித்த பின் அது சுமார் 43 லட்சம் பைட்டில் அடங்கிவிடும். தரத்தை 80 என்று வைத்துச் சேமித்தால், பல எம்பி இருந்த கோப்பு பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் வந்துவிடும். சேலையின் ஜரிகையில் கண்ணுக்குத் தெரியும் குறை எதுவும் இராது. தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தானாகவே சிறிய படங்களை உருவாக்கிக்கொள்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான், 2019-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களை அது சுருக்கியே பயன்படுத்துகிறது. ஆனால் மூலப்படமும் சர்வரிலேயே தங்கி நீங்கள் வாடகை கொடுக்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எங்கே வெட்டினால் புடவையின் முந்தானை முழுதாகத் தெரியும் என்பதும் அதற்குத் தெரியாது.

இனி மென்பொருள்கள். விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பெயின்ட் டாட் நெட். 2004-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. விண்டோஸில் மட்டுமே இயங்கும். அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பது பணம் கொடுத்து வாங்கும் பதிப்பு. விண்டோஸோடு வரும் பெயின்ட் பழகியவர்கள் ஓரிரு நாளில் இதற்கும் பழகிவிடுவார்கள். லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தனித்தனிப் படலங்கள்) உண்டு, சேமிக்கும்போது தரத்தை நகர்த்தினால் கோப்பின் அளவு உடனுக்குடன் மாறுவதைப் பார்க்கலாம். இதன் பெருங்குறை, ஒருமுறை பதித்த எழுத்தைப் பின்னர் திருத்த முடியாது என்பது. ஆகவே எழுத்தை எப்போதும் தனி லேயரில் வையுங்கள். விலை மாறினால் அந்த லேயரை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம்.

லேயர், பின்னணி நீக்கம், நிறத் திருத்தம் என்று சற்று ஆழமாகப் போக விரும்புபவர்களுக்குக் கிம்ப். பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் 1995-ல் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், ஒருமுறை போட்ட விளைவைப் பிறகு திரும்பவும் மாற்றிக்கொள்ளும் வசதி சேர்ந்திருக்கிறது. புதியவர்கள் இதில் தடுமாறும் இடம் ஒன்றுதான்: ‘சேவ்’ என்று கொடுத்தால் அது தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில் மட்டுமே சேமிக்கும்; ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி வேண்டுமானால் ‘எக்ஸ்போர்ட்’ கொடுக்க வேண்டும். இது தெரியாமல் எக்ஸ்சிஎஃப் கோப்பைத் தளத்தில் ஏற்றப் பார்த்து, ஏறவில்லை என்று எங்களை அழைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வடிவமைப்பாளர் ஒருவர் ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பாகக் கொடுத்துவிட்டுப் போன விளம்பரத்தில் ஒரு தேதியை மட்டும் மாற்ற வேண்டும் என்றால், பிரவுசரிலேயே திறக்கும் போட்டோபீ கைகொடுக்கும். பக்கவாட்டில் விளம்பரம் வரும். ஆனால் உங்கள் கோப்பு வேறெங்கும் போகாமல் உங்கள் கணினியிலேயே கையாளப்படுகிறது. கூகுள் குரோம் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஸ்கூஷும் அப்படித்தான். அது திருத்தும் கருவி அன்று, சுருக்கும் கருவி. திரையை இரண்டாகப் பிரித்து, மூலம் ஒருபுறமும் சுருக்கியது மறுபுறமுமாகக் காட்டும். நடுக்கோட்டை இழுத்து இழுத்துப் பார்த்தால் எந்த எண்ணில் படம் கெடத் தொடங்குகிறது என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு படம்தான் என்பது குறை. மொத்தமாக மாற்றுவதற்கு இர்ஃபான்வியூ நல்லது. வீட்டுப் பயன்பாட்டுக்கும் பள்ளி போன்ற கல்விப் பயன்பாட்டுக்கும் அது இலவசம். கடைக்கு உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு அதனுடன் வரும் பிரிவியூவே அளவு குறைக்கவும் வடிவம் மாற்றவும் போதுமானது.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2017 முதல் அது படங்களை எச்ஈஐசி வடிவில் சேமித்து வருகிறது; குரோமில் அது தெரியாது. கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று வைத்துவிட்டால் ஜேபெக் ஆகவே எடுக்கும்.

தள்ளுபடி அறிவிப்புப் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சள் பின்னணியில் சிவப்பில் ‘ஆடித் தள்ளுபடி’ என்று எழுதி ஏற்றியபின், எழுத்தின் ஓரமெல்லாம் கசிந்தாற்போல் இருக்கிறது, சர்வரில் கோளாறா என்று கேட்கிறீர்கள். சர்வருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் உணர்வதால், ஜேபெக் முறையில் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதியாகக் குறைத்தும் பதிகிறார்கள். புகைப்படத்தில் இது தெரியாது. அடர்சிவப்பு எழுத்தின் கூரான விளிம்பில் பளிச்சென்று தெரிந்துவிடும். கிம்ப்பின் ஜேபெக் எக்ஸ்போர்ட் சாளரத்தில் கூடுதல் விருப்பங்களைத் திறந்து, சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில் 4:4:4 என்று மாற்றினால் இது நின்றுவிடும். வெப்பியில் தரம் குறைத்துச் சேமித்தால் இதே கசிவு கட்டாயம் வரும். ஆதலால் எழுத்து மிகுந்த படத்தைப் பிஎன்ஜியிலோ இழப்பில்லா (லாஸ்லெஸ்) வெப்பியிலோ சேமியுங்கள்.

எங்களைக் கேட்டால், அந்த எழுத்தைப் படத்தில் வைக்கவே வேண்டாம் என்போம். படத்துக்குள் போன தமிழை, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் நேரடியாகப் படிக்காது. தேடுபொறியும் அதைப் பக்கத்தின் எழுத்தாக எடுத்துக்கொள்ளாது. கைபேசியில் படம் சுருங்கும்போது எழுத்தும் கூடவே சுருங்கிவிடும். வேறு வழியில்லாமல் எழுத நேர்ந்தால் யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். கிம்ப்பில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ‘கெ’ என்று அடித்தால் கொம்பு பின்னால் போய் நிற்பதும், அதற்குப் பயந்து வடிவமைப்பாளர்கள் இன்றும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவை விடாமல் பிடித்திருப்பதும் நீங்கள் அறிந்ததே.

மறைத்தகவல் பற்றியும் கவனம் தேவை. இருப்பிடம் இயங்கும் நிலையில் கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். வீட்டிலிருந்தே ஊறுகாயும் நகையும் விற்பவர்கள், பொருளின் படத்தோடு வீட்டு வாசலையும் சேர்த்துக் காட்டியவர்கள் ஆவார்கள். கிம்ப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது எக்ஸிஃப் என்ற பெட்டியின் குறியை எடுத்துவிடுங்கள். ஸ்கூஷ் வழியாகப் போகும் படத்தில் அந்தத் தகவல் தங்குவதில்லை.

சிவகாசி அச்சகத்திலிருந்து வரும் படங்கள் அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் இருக்கலாம். தளத்தில் நிறம் பிசகும் என்பதால் திரைக்கான ஆர்ஜிபியில் மாற்றித் தரக் கேளுங்கள். 72 டிபிஐ, 300 டிபிஐ (அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற எண்களைத் தளத்துக்காகப் பொருட்படுத்த வேண்டாம். பிக்சல் கணக்கு ஒன்றே போதும். ஒரே ஜேபெக்கைத் திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் சற்றுத் தேயும் என்பதால், மூலப்படங்களைத் தனி ஃபோல்டரில் தொடாமல் வைத்திருங்கள். எங்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று தயங்குபவர்கள், பெயின்ட் டாட் நெட்டில் வெட்டி அளவைக் குறைத்துப் பிஎன்ஜியாகச் சேமித்து, அதை ஸ்கூஷில் இட்டு வெப்பியாக இறக்கிக்கொள்ளும் வழியைக் கைக்கொள்ளலாம். முகப்புப் படம், பொருள் படம், லோகோ ஆகியவற்றுக்கு உங்கள் தளத்தில் என்ன அகலம் வைக்க வேண்டும் என்பது தளத்துக்குத் தளம் மாறும். இம்மடலுக்கு மறுமொழியாக உங்கள் தளத்தின் பெயரையும், ஊழியர் பயன்படுத்துவது விண்டோஸா மேக்கா என்பதையும் எழுதினால், உங்கள் தளத்துக்குரிய அளவுகளை ஒரு பக்கத் தாளாக அனுப்பி வைக்கிறோம். அதைக் கணினியின் அருகில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
தங்கள் இணையதள வடிவமைப்பு, பராமரிப்புக் குழுவினர்